ஆயாவின் சொற்களில் பிரெஞ்சு எவ்வளவு?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு காலமான உங்கள் ஆயா புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். அவர் வாயில் புழங்கிய சொற்கள் சிலவற்றை நீங்கள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறீர்கள்: சாவி, அலமாரி, பொத்தான், குசினி, துட்டு, மல்லாட்டை, சம்பா கோயில், மேரி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் இவையெல்லாம் பிரெஞ்சுச் சொற்கள்தாம் என்று உங்கள் மாமா சொல்கிறார். பெங்களூரில் வளர்ந்த உங்களுக்கு அது சரிதானா என்ற ஐயம். எந்தச் சொல் எந்த மொழி என்று கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், ஆயாவின் பேச்சு மற்றத் தமிழர்களின் பேச்சிலிருந்து விலகியதா, அந்த விலகல் பிரெஞ்சு ஆட்சியின் தடமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கே விடை சொல்ல முயல்கிறேன்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அம்மாவின் ஊர் பாகூர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். அந்தக் காலத்தில் மாணவர்களோடு தென்பெண்ணையின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களுக்குப் போய், வயதானவர்களிடம் உட்கார்ந்து, புழங்குபொருள்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். பிரெஞ்சு ஓரளவு வாசிப்பேன். போர்த்துக்கீசியமும் டச்சும் அகராதிகளின் துணையோடு மட்டுமே தெரியும். ஆகவே ஒலியையும் பொருளையும் பற்றி நான் சொல்வதில் உறுதி அதிகம். ஒரு சொல் எந்த ஆண்டில், யார் வழியாக வந்தது என்று சொல்லும் இடங்களில் உறுதி குறைவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் ஐயமில்லாமல் பிரெஞ்சு என்று நான் சொல்லக்கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றைப் பார்த்த பிறகே அதன் தனித்தன்மை விளங்கும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

சாவியிலிருந்து தொடங்குவோம். என் அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தின் ஓசையைக் கேட்டே அவர் வீட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். நெல் குதிருள்ள அறையின் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். இரவில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். அந்தச் சாவியைத் தமிழல்லாத சொல் என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருக்க மாட்டார். ஆனால் அது போர்த்துக்கீசியச் சொல். பிரெஞ்சில் சாவிக்குப் பெயர் 'கிளே'. அதிலிருந்து 'சாவி' வர எந்த வழியும் இல்லை. போர்த்துக்கீசியத்தில் இன்று 'ஷாவ்' என்பது போல் ஒலிக்கும் சொல்லின் முதலெழுத்து 16ஆம் நூற்றாண்டில் நம் 'ச்சா' போலவே அழுத்தமாக ஒலிக்கப்பட்டது. அந்தப் பழைய ஒலியே 'சாவி'யில் தங்கியிருக்கிறது. ஜன்னலும் அப்படித்தான். போர்த்துக்கீசியர் 'ஜனேலா' என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபெனேத்ர்' என்றார்கள். நம் வீட்டுச் சுவரில் எது இருக்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டாம். மேசை 'மேசா'விலிருந்து வந்தது, அலமாரி 'அர்மாரியோ'விலிருந்து வந்தது. பொத்தான் இன்னும் தெளிவான சான்று. ஒரே பொருளுக்கு போர்த்துக்கீசியத்தில் 'பொத்தாவ்ங்' என்று மூக்கொலியோடு முடியும் சொல், பிரெஞ்சில் 'புத்தோங்', ஆங்கிலத்தில் 'பட்டன்'. போர்த்துக்கீசியத்தின் அந்த இறுதி ஒலி தமிழ் வாயில் 'ஆன்' என்று படிவது இயல்பு. பிரெஞ்சிலிருந்து வந்திருந்தால் 'புத்தோன்' என்றல்லவா இருந்திருக்கும்? ஆங்கிலத்திலிருந்து வந்த வடிவமும் நம்மிடம் 'பட்டன்' என்று தனியாகவே புழங்குகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் போர்த்துக்கீசியச் சொல் எப்படிப் புகுந்தது என்று உங்கள் மாமா கேட்பார், நியாயமான கேள்விதான். பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவியது 1674இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரிலும் போர்த்துக்கீசியர் குடியிருந்தார்கள். கடலூருக்குத் தெற்கே உள்ள பரங்கிப்பேட்டைக்கு ஐரோப்பியர் வைத்த பெயரே 'போர்ட்டோ நோவோ', அதாவது போர்த்துக்கீசியத்தில் புதுத்துறை. பின்னால் வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இந்தக் கரையில் காலூன்றியபோது, வெள்ளையரோடு பேசுவதற்கான பொதுமொழியாக ஒருவகைக் கொச்சைப் போர்த்துக்கீசியம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. வணிகரும் மாலுமியும் சமையற்காரரும் பிள்ளை வளர்க்கும் பெண்களும் அதில் பேசினார்கள். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளெக்சின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர். ஆளுநர் மாளிகையிலேயே நிலைமை அப்படி என்றால், கொல்லைப்புற வழியாக வேலைக்கு வந்து போனவர்களிடம் எந்த மொழிச் சொல் ஒட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுச் சாமான்களின் பெயர்கள் பிரெஞ்சுக்காரர்கள் வருமுன்பே தமிழில் இடம் பிடித்துவிட்டன. பெயருள்ள பொருளுக்கு இரண்டாவது பெயர் தேவைப்படவில்லை.

அப்படிப் புகுந்த சொற்களைத் தமிழ் தன் போக்குக்குத் திருத்தியும் கொண்டது. கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் நடக்கும் மீன் ஏலத்தை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கூடையைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து நிற்க, கூறுபவர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். அந்த 'ஏலம்' போர்த்துக்கீசிய 'லெய்லாவ்ங்'. தமிழில் 'ல' மொழிக்கு முதலில் வராது என்பது இலக்கணத்தில் எழுதிவைத்த விதி. எழுதப் படிக்கத் தெரியாத மீனவர் வாயும் அந்த விதியைக் காத்தது. முன்னிருந்த 'ல்' உதிர்ந்து 'ஏலம்' ஆயிற்று. வகுப்பில் மொழிமுதல் எழுத்துகளை நடத்தும்போது நான் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

குசினியைப் பற்றிப் பலர் உறுதியாகத் தவறுகிறார்கள். பிரெஞ்சில் சமையலறைக்குச் சொல் 'க்யுசீன்'. கேட்டவுடன் பொருந்துவதுபோல் இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு நண்பர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் எழுந்து இயல்பாக, 'குசினிக்குள்ள ஆர் நிக்கினம்?' என்று கேட்டார். அன்றுதான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதே இல்லை. அங்கே 1619 முதல் போர்த்துக்கீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலேயரும்தான் இருந்தார்கள். போர்த்துக்கீசியத்தில் சமையலறை 'குசீஞ்ஞா'. இறுதி உயிரோடு முடியும் 'குசினி'க்கு அதுவே நெருக்கம். அன்று முதல் இந்தக் கரைச் சொல் எதைப் பார்த்தாலும் அது யாழ்ப்பாணத்திலும் இருக்கிறதா என்று தேடுவதை ஒரு சோதனையாக வைத்திருக்கிறேன். இருந்தால் பிரெஞ்சாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லையென்றால் பிரெஞ்சு என்று உடனே சொல்லிவிடவும் கூடாது. யாழ்ப்பாணத்தில் சாவியைத் 'திறப்பு' என்பார்கள், அதனால் சாவி பிரெஞ்சு ஆகிவிடாது. சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும். குசினியைப் பொறுத்தவரை, வேர் போர்த்துக்கீசியம், புதுச்சேரியில் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியொற்றுமை அதற்குத் துணைநின்று ஆயுளை நீட்டியது என்பது என் கருத்து. முன்பாதியை உறுதியாகச் சொல்வேன், பின்பாதி ஊகம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நான் கேட்ட பெரும்பாலோர் 'அடுப்பங்கரை' என்றே சொன்னார்கள். குசினி என்றவர்கள் நகரத்தில், குறிப்பாக வெள்ளையர் வீடுகளிலோ அவர்களை அண்டிய வீடுகளிலோ வேலை பார்த்த குடும்பத்தினர். உங்கள் ஆயா எந்தத் தெருவில் வளர்ந்தார் என்று உறவினர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

துட்டு என்ற சொல்லில் அகராதிகள் சொல்வதும் எனக்குள்ள தயக்கமும் இரண்டும் உண்டு. டச்சுக்காரர்களின் சிறு செப்புக்காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். அதுவே துட்டு ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். டச்சுக்காரர்கள் இங்கே அந்நியரும் அல்லர். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடம் பிடித்தவர்கள், 1693 முதல் 1699 வரை புதுச்சேரியையே கைப்பற்றி வைத்திருந்தவர்கள். கழிப்பறையைக் குறிக்கும் கக்கூஸ் டச்சுச் சொல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துட்டு விஷயத்தில் மட்டும், கன்னடத்திலும் தெலுங்கிலும் 'துட்டு' என்று டகரம் அழுந்த ஒலிக்கும் சொல் காசுக்குப் பரவலாக வழங்குவதைப் பார்க்கும்போது, டச்சுக் காசு இவ்வளவு உள்நாடு வரை பெயர் கொடுத்திருக்குமா என்று தோன்றுகிறது. பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கன்னடச் சொல் நன்றாகவே பழகியிருக்கும். எப்படியானாலும் அது பிரெஞ்சிலிருந்து வரவில்லை. பயணம் எதிர்த்திசையில்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த செப்புக்காசுக்குத் தங்கள் ஏடுகளில் 'தூதூ' என்று பெயர் எழுதினார்கள். அது நம் துட்டுதான். 'காஷ்' என்று எழுதியது காசு, 'ஃபனோன்' என்று எழுதியது பணம். ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களின் காசுப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வெட்டிவேரும் அப்படிப் போன சொல்தான். கடலூரை ஒட்டிய கடற்கரை மணற்பாங்கில் இன்றும் வெட்டிவேர் பயிராகிறது. மண்ணை உதறி, கழுவி, கட்டுக்கட்டாக வெயிலில் உலர்த்தியிருக்கும் இடத்தைக் கடந்தாலே மணம் தெரியும். அந்த மணத்தோடு அதன் தமிழ்ப்பெயரும் பிரெஞ்சுக்குப் போய் 'வெத்திவேர்' ஆகி, அங்கிருந்து உலகத்து வாசனைத் திரவியக் கடைகளுக்கெல்லாம் பரவியது.

நீங்கள் பட்டியலில் எழுதாத ஒரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருக்கிறது. பாட்டியை 'ஆயா' என்று அழைப்பது கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளின் வழக்கம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் ஆயா என்கிறோம். பின்னது போர்த்துக்கீசிய 'ஆயா', செவிலி என்று பொருள். முன்னது அதோடு தொடர்பில்லாதது. தாயைக் குறிக்கும் ஆய், ஆயி என்ற நம் பழைய உறவுச்சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் தற்செயலாக ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன. 'பாட்டியை வேலைக்காரிபோல ஆயா என்று கூப்பிடுகிறீர்களே' என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கூச்சப்பட்டு 'பாட்டி'க்கு மாறிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. நீங்கள் ஆயா என்றே எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இனி மல்லாட்டை. உங்கள் பட்டியலில் எங்கள் வட்டாரத்துக்கே உரியதாக நான் கருதுவது இதைத்தான். சென்னையில் வேர்க்கடலை, தெற்கே நிலக்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. பிடுங்கிய செடியைக் களத்தில் போட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்வார்கள். ஈரம் காயாத காயை உப்புப் போட்டு வேகவைத்தால், ஓட்டைப் பிளக்கும்போது உள்ளிருந்து சூடான உப்புநீர் விரலில் வழியும். முற்றாத காயென்றால் ஓட்டோடு மென்றுவிடலாம். வேகவைத்த மல்லாட்டையைப் படியால் அளந்து முந்தானையில் வாங்கிக்கொண்டு, ஆயாக்கள் திண்ணையில் உட்கார்ந்து உரித்து உரித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. சொல்லின் வரலாறு அந்தக் காயைப் போலவே உரிக்க உரிக்க வருகிறது. மல்லாட்டை என்பது மல்லாக்கொட்டையின் திரிபு. மல்லாக்கொட்டை மணிலாக்கொட்டையின் திரிபு. வயதானவர்கள் சிலர் இன்றும் பயிரை 'மணிலா' என்றே சொல்வார்கள். 'இந்த வருஷம் மணிலா போட்டிருக்கோம்' என்பது எங்கள் ஊர்களில் சாதாரணமாகக் காதில் விழுந்த வாக்கியம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாதான் அது. தென் அமெரிக்காவில் தோன்றிய இந்தப் பயிரை ஸ்பானியர் தங்கள் கப்பல்களில் பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்குக் கொண்டுபோனார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து மணிலாவுக்குத் துணி போய்க்கொண்டிருந்தது. கொட்டை அந்த வழியில் திரும்பி வந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. முதல் மூட்டை எந்தத் துறையில் இறங்கியது என்பதற்குப் பெயர் சாட்சி சொல்லாது. இதில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கு சொல்லில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் மல்லாட்டை கப்பல் கப்பலாகப் போயிற்று. எங்கள் வட்டாரத்துப் புன்செய்களெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகளாக மாறியதற்கு அந்த ஏற்றுமதி ஒரு பெரிய காரணம்.

கடல் கடந்து வந்த பயிர்களுக்குத் தமிழர் பெயர் வைத்த விதத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். கொய்யா, அன்னாசி, பப்பாளி ஆகியவை தங்கள் பெயரோடு வந்தன. மிளகாய்க்கோ, நம்மிடம் ஏற்கெனவே இருந்த மிளகின் பெயரையே நீட்டிக் கொடுத்தோம். பரங்கிக்காய் கொண்டுவந்தவனின் பெயரைப் பெற்றது. பண்ருட்டிப் பக்கத்தில் காடாகப் பரந்திருக்கும் முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். ஆனால் முந்திரி என்ற சொல் பழையது, திராட்சைக்கு வழங்கியது. திராட்சையைக் கொடிமுந்திரி என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்ததே இந்த மரம் பெயரைப் பிடித்துக்கொண்டதால்தான். மணிலாக்கொட்டை இவற்றில் எதிலும் சேராமல், வந்த ஊரின் பெயரோடு நின்று, பிறகு அந்த ஊரே மறந்துபோகும் அளவுக்கு வாயில் தேய்ந்தது.

சம்பா கோயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயம். தூய பவுலின் பெயரால் வழங்கிய கோயில் என்பதால், 'சான் பாவ்லோ' அல்லது 'சேன் போல்' என்பது மக்கள் வாயில் சம்பா ஆயிற்று. முன்னது போர்த்துக்கீசியம், பின்னது பிரெஞ்சு, இரண்டுக்கும் இடமுண்டு. முதலில் அந்தக் கோயிலை எழுப்பிய இயேசு சபையினரைப் பவுலின் பெயரால் அழைப்பது கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கீசிய வழக்கம் என்பதால் என் மனம் முன்னதன் பக்கம் சாய்கிறது. கடற்கரையை ஒட்டிய இன்னொரு தேவாலயத்தைக் கப்ஸ் கோயில் என்பார்கள். அது கப்பூச்சின் துறவிகளின் பெயர். இப்படி ஊர்ப்பெயர்களில் ஐரோப்பியச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆர்வம் சிலரை வழிதவறவும் செய்கிறது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள 'பாதிரி'யைப் பாதிரியாரோடு சேர்த்து, வெள்ளைக்காரப் பாதிரிமார் இருந்த ஊர் என்று விளக்கம் சொன்ன ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். கல்லைத் தெப்பமாகக் கொண்டு அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் தலம் அது. அவர் அந்த ஊரைப் பாடியது 7ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன். அந்தப் பாதிரி ஒரு மரம், கோயிலின் தலமரம். பாதிரியாரில் உள்ளதுதான் போர்த்துக்கீசிய 'பாத்ரே'. ஒலி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் பிரெஞ்சு எங்கே போயிற்று? இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர்கள் எதையும் விட்டுப்போகாமலா இருந்தார்கள்? விட்டுப்போனார்கள், ஆனால் அலுவலகத்திலும் பட்டாளத்திலும் பள்ளிக்கூடத்திலும். துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பைப் பார்த்தால், வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்களுக்கு முன்னால் 'முசே' என்று எழுதியிருப்பார். பிரெஞ்சு 'மொசியே' அப்படித் தமிழாகியது. ஆனால் அது துபாஷியின் மேசையில் புழங்கிய சொல், அடுப்பங்கரைவரை வரவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும்போது எல்லையிலுள்ள முள்ளோடையைக் கடந்ததும் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியம் என்று இருப்பது, அந்தப் பக்கத்தில் கொம்யூன் பஞ்சாயத்து ஆகிவிடும். பாகூர் கொம்யூன், வில்லியனூர் கொம்யூன், நெட்டப்பாக்கம் கொம்யூன் என்று உழவர்களும் கூச்சமில்லாமல் சொல்லும் தூய பிரெஞ்சுச் சொல் அது. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் அந்தச் சொல் அரசாணைகளில் நிற்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரைச் 'சொல்தா' என்பார்கள். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல் அது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். சைகோனில் வாழ்ந்து திரும்பிய குடும்பங்களில், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் 'நேம்' என்ற வியட்நாமியப் பலகாரத்தையும் அதன் பெயரையும் காணலாம். அதுவும் பிரெஞ்சுப் பேரரசு வழியாக வந்ததுதான். பீரோ என்ற சொல்லை மட்டும் எந்தப் பக்கத்தில் வைப்பதென்று எனக்கு இன்றும் தயக்கமாக இருக்கிறது. மூலம் பிரெஞ்சு என்பது உறுதி. தமிழ்நாடு முழுவதும் புழங்குவதால் ஆங்கிலத்தின் வழி வந்திருக்கலாம். ஆனால் ஆங்கில ஒலிப்பைவிடப் பிரெஞ்சு ஒலிப்பே 'பீரோ'வுக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் ஆயாவின் பேச்சு, புதுச்சேரிக்கு மட்டும் உரிய ஒரு தனிப்பேச்சு என்பதைவிட, பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரையும் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் வரையும் நீண்ட கரையோரத் தமிழ் என்பதே பொருந்தும். அதில் மல்லாட்டை எங்கள் வட்டாரத்தின் முத்திரை. பிரெஞ்சு ஆட்சியின் முத்திரை எது என்றால், நீங்கள் 'மேரி' என்று குறித்துவைத்து, மாதா கோயிலாக இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் ஊகம் எழுதியிருக்கும் சொல்தான்.

ஆயா சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள்: 'நான் பொறந்த எட்டாம் நாளு எங்கப்பா மேரியில போயி எழுதிட்டு வந்தாரு.' மாதா கோயிலில் ஞானஸ்நானம் என்று உங்கள் வீட்டார் நினைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் குடும்பம் இந்துக் குடும்பம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அந்த வாக்கியம் உங்களைக் குழப்பியிருக்கிறது. மேரி என்பது பிரெஞ்சில் நகராட்சி மன்றக் கட்டடம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014ஆம் ஆண்டு நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அங்கே போய் அதிகாரி முன்னிலையில் பதிய வேண்டும். ஆயாவின் தகப்பனார் போய் எழுதியது மகளின் பிறப்பை. கிராமங்களில் இருந்தவர்கள் தங்கள் கொம்யூனின் மேரியில் பதிந்தார்கள். ஆகவே ஆயா நகரத்தில் பிறந்தாரா, வில்லியனூர் பக்கத்திலா என்பதை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். பிறகு அவருடைய தகப்பனார் பெயரையும் ஏறத்தாழப் பிறந்த ஆண்டையும் எடுத்துக்கொண்டு, இன்றைய நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ உள்ள பிறப்புப் பதிவுப் பிரிவில் பழைய பதிவேட்டைத் தேடித் தரச் சொல்லிக் கேளுங்கள். பதிவு பிரெஞ்சில் இருக்கும். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு ஒலிப்புக்கு ஏற்ப எழுதியிருப்பார்கள். உகரம் வரும் இடத்திலெல்லாம் இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதுவது அவர்கள் வழக்கம் என்பதால், உங்களுக்குப் பழகிய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் பெயர் அகப்படாது. நகல் கிடைத்து, படிக்கச் சிரமமாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள். படித்துச் சொல்கிறேன்.